முதல் காய் சட்டிக்கு இல்லை

ஊரிலிருந்து வரும் மாமியாருக்கு அமெரிக்கா தருவது ஆறு மாதம். அவரைக் கொடிக்கு நியூ ஜெர்சி தருவதும் ஏறக்குறைய அதே ஆறு மாதம்தான். இரண்டும் மே மாதத்தில் தொடங்கும். அன்னையர் தினம் கழிந்த பிறகே நாற்றை வெளியே நட வேண்டும், அதற்கு முன் உறைபனியை நம்பக்கூடாது என்பது இங்கே தோட்டம் போடுகிறவர்கள் வாய்க்கு வாய் சொல்லும் சட்டம். பள்ளி விடுமுறைக்கு முன்னால் டிக்கெட் மலிவு என்பதால் என் மாமியார் வந்து இறங்குவதும் அந்தச் சமயத்தில்தான். அக்டோபர் கடைசியில் இரு தரப்பும் கிளம்பியாக வேண்டும். அத்தையை விமானம் கொண்டுபோகும், அவரையை உறைபனி கொண்டுபோகும். நடுவில் கிடைக்கும் காலத்துக்குள் கொடி பூக்க வேண்டும், காய்க்க வேண்டும், அத்தை அதில் குழம்பு வைக்க வேண்டும், நான் அதில் விதை எடுக்க வேண்டும். முதல் இரண்டும் இயற்கையின் பொறுப்பு. மற்ற இரண்டும்தான் எங்கள் வீட்டில் வழக்கு.

நாங்கள் இருப்பது எடிசனுக்குப் பக்கத்தில். இந்தப் பகுதியில் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்று துணிந்து ஊகிக்கலாம். பின்பக்கம் அவரைப் பந்தல் இருந்தால் ஊகிக்கவே வேண்டாம், கதவைத் தட்டிக் காப்பி கேட்கலாம். எங்கள் விதை பிஸ்காட்டவேயில் இருக்கும் நண்பர் கொடுத்தது. அவருக்கு இன்னொருவர் கொடுத்தாராம், அவருக்கு வேறொருவர். மூலம் விசாரிக்கப் போனால் எல்லோரும் ஒரே மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுகிறார்கள் என்பதால் நான் விசாரிப்பதை நிறுத்திவிட்டேன்.

விதையின் பூர்வீகம் ஏன் முக்கியம் என்றால், எல்லா அவரையும் இங்கே ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தெரிந்தவர் ஒருவர் மளிகைக் கடையில் ஒரு பவுண்டு காய்ந்த மொச்சை வாங்கி, முக்கால்வாசியைக் குழம்புக்கு அனுப்பிவிட்டு மீதியை வேலியோரம் ஊன்றினார். மொச்சையும் அவரையும் தாவரவியல் கணக்கில் ஒரே இனம்தானே, முளைத்தால் காய்க்காதா என்பது அவருடைய வாதம். முளைத்தது. ஜூலையில் வேலியை மூடியது. ஆகஸ்டில் பக்கத்தில் இருந்த கொட்டகையை மூடியது. செப்டம்பரில் அண்டை வீட்டுக்காரரின் செயற்கைக்கோள் தட்டில் ஏறி, அவர் பார்த்துக்கொண்டிருந்த கால்பந்து ஆட்டத்தை நடுவில் நிறுத்தியது. பூ மட்டும் வரவில்லை. அக்டோபர் நடுவில் முதல் மொட்டு தெரிந்தது என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டார். அந்த வாரமே உறைபனி விழுந்து கொடி முழுவதும் வேகவைத்த கீரை நிறத்துக்கு வந்தது. அதற்குப் படம் போடவில்லை.

காரணம் எளிது. அவரையின் பழைய பந்தல் ரகங்கள் பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் பூக்கத் தொடங்கும். அத்தையின் ஊரான ஒட்டன்சத்திரத்துப் பக்கம் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம். எடிசனில் ஜூன் மாதத்துப் பகல் பதினைந்து மணி நேரம். அந்தக் கொடிக்கு இங்கே ஆடி மாதமெல்லாம் முடிவில்லாத மத்தியானம். எதற்கு அவசரம் என்று இலையை விட்டுக்கொண்டே போகிறது. இதை ஒன்றும் நவீன விஞ்ஞானம் முதலில் கண்டுபிடிக்கவில்லை. குறுந்தொகையில் ஒரு தலைவி, தினை அரிந்த தாளில் கொடியேறி அவரை பூக்கும் பனிக்காலம் வந்துவிட்டது, வரவேண்டியவர் வரவில்லையே என்று தோழியிடம் வருந்துகிறாள். பனிக்காலமும் அவரைப் பூவும் சேர்ந்தே வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் நியூ ஜெர்சியில் இருந்திருந்தால் பாட்டு வேறு மாதிரி போயிருக்கும். இங்கே வராமல் சாதிப்பது பூ. தவறாமல் வருவது பனி.

இரவின் நீளத்தைத்தான் கொடி எண்ணிக்கொண்டிருக்கிறது, நடுவில் வெளிச்சம் பட்டால் கணக்குக் குழம்பும் என்று படித்த நாள் முதல் எங்கள் பின்கட்டு விளக்கு எனக்கு விரோதியானது. அது ஆள் நடமாட்டம் கண்டால் தானாக எரியும் விளக்கு. எங்கள் பின்கட்டில் இரவில் நடமாடும் ஆட்கள் மான்கள்தான். மான் வரும், விளக்கு எரியும், மான் அந்த வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்து இளம் கொழுந்தாகக் கடிக்கும், கொடி பொழுது விடிந்துவிட்டதென்று நினைத்துப் பூப்பதை ஒத்திப்போடும். இத்தனை கெடுதலையும் மின்சாரக் கட்டணம் கட்டி நானே நடத்திக்கொண்டிருக்க வேண்டுமா? விளக்கின் தலைக்கு ஒரு பழைய காலுறையை மாட்டிவிட்டேன். திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மனைவி கேட்டாள். அவரைக்காய் பறிக்காத திருடனாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன்.

ஜப்பானிய வண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இந்த மாநிலத்துக்கு ஒரு தனிப் பெருமை இருக்கிறது. பச்சையும் செம்பும் மினுங்கும் அந்த வண்டு அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1916இல், நியூ ஜெர்சியின் ரிவர்ட்டன் ஊருக்குப் பக்கத்து நாற்றுப் பண்ணை ஒன்றில். இன்று நாட்டின் கிழக்குப் பாதியில் பெரும்பகுதி அதற்குச் சொந்தம். அவரை இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி அரித்துச் சல்லடையாக்கும். அதிகாலையில் அது மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் டப்பாவைக் கீழே பிடித்துத் தட்டிவிட வேண்டும். அத்தைக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு வண்டு விழும்போதும் ஊரில் தனக்குப் பிடிக்காத யாரையோ நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

அத்தை ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். நாடெங்கும் காய்கறி அனுப்பும் சந்தை அது. அவரைக்காயைக் கையில் எடுத்தாலே அது எந்தப் பறிப்புக் காய் என்று சொல்லிவிடுவார். அவருடைய சம்பிரதாயம் தெளிவானது. முதலில் வரும் நல்ல காயெல்லாம் சட்டிக்கு. பறிக்கப் பறிக்கத்தான் கொடி காய்க்கும். கடைசியில் இலைக்குப் பின்னால் கண்ணில் படாமல் முற்றி நெற்றாகிப் போனது எதுவோ, அது விதைக்கு. ஒட்டன்சத்திரத்தில் இது குறையில்லாத முறை. கொடியைக் கொல்ல அங்கே உறைபனி கிடையாது. மாசி, பங்குனி வரைக்கும் நெற்று காயலாம், யாரும் விரட்டப் போவதில்லை.

இங்கே அதே முறையைக் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கொடி முந்திப் பூத்ததோ அதன் வாரிசு முழுவதும் பொரியலாகிவிடும். எந்தக் கொடி பிந்திக் காய்த்ததோ, எந்தக் காய் இலைக்குப் பின்னால் சாமர்த்தியமாக ஒளிந்துகொண்டதோ, அதன் பிள்ளைகள்தான் அடுத்த வருடம் முளைக்கும். இப்படியே நாலைந்து தலைமுறை போனால் தாமதமாகக் காய்க்கவும், காய்த்ததை நம்மிடமிருந்து ஒளிக்கவும் நன்றாகத் தெரிந்த ஓர் அவரையைப் பாடுபட்டு உருவாக்கியிருப்போம். அப்படியானால் முதல் காய் சட்டிக்கு இல்லை. முதலில் பூத்த கொடியில், முதலில் இறங்கிய கொத்தைத் தொடாமல் கொடியிலேயே விட்டு நெற்றாக்க வேண்டும். பூவிலிருந்து நெற்று வரைக்கும் ஒன்றரை மாதம் போல் ஆகும். செப்டம்பர் முதலில் பூத்ததுதான் உறைபனிக்கு முன்னால் கரை சேரும்.

இந்த வாதத்தை நான் சாப்பாட்டு மேசையில் பரிணாமக் கொள்கையின் துணையோடு எடுத்து வைத்தேன். என் மகள் அதே வருடம் பள்ளியில் டார்வின் படித்துக்கொண்டிருந்ததால் ஆதரவு கிடைக்கும் என்று நம்பினேன். அவள் அலைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, அது நாலே நாலு கொடி" என்றாள். அத்தை முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான் மாப்பிள்ளை. ஆனா பிஞ்சா இருக்கிறப்போ விட்டுட்டு, நார் ஏறினப்புறம் பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்கு மனசு வரணுமே."

அது உண்மை. விதை எடுக்கிற தொழிலில் கஷ்டமான பகுதி உலர்த்துவதும் அல்ல, சேமிப்பதும் அல்ல. பக்குவமாக இருக்கும் காயைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. ஐயோவா மாநிலத்தில் டெக்கோரா என்ற ஊரில் விதைச் சேமிப்போர் பரிமாற்றம் என்ற பெரிய அமைப்பு இருக்கிறது. 1975இல் டயான் ஆட் வீலியும் கென்ட் வீலியும் தொடங்கியது. அதற்கு வித்தாக இருந்தவற்றில் ஒன்று டயானின் தாத்தா கொடுத்த மார்னிங் குளோரி கொடியின் விதை. ஊதா நிறத்தில், தொண்டையில் ஒரு சிவப்பு நட்சத்திரத்தோடு பூக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவேரியாவிலிருந்து குடியேறிய குடும்பம் அந்த விதையையும் கூடவே கொண்டுவந்தது. தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுத்தார்கள், இன்று தாத்தா பெயரிலேயே அது நாடு முழுவதும் பூக்கிறது. நான் அந்தக் குடும்பத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். மார்னிங் குளோரியில் கூட்டு வைக்க முடியாது. தேங்காய் அரைத்துவிட்டு இறக்கலாம் என்று யாரும் அதன் பக்கத்தில் கத்தியோடு நின்றதில்லை. பூக்கொடியில் விதை காப்பது பொறுமைக்குச் சோதனை. தின்னக்கூடிய கொடியில் விதை காப்பது குடும்ப அமைதிக்கே சோதனை.

எங்கள் வீட்டில் சமாதானத்தைக் கொண்டுவந்தது டார்வின் அல்ல, மஞ்சள் நூல். விதைக்கென்று விடும் கொத்துகளுக்கு அடையாளமாக ஏதாவது கட்ட வேண்டும் என்று தேடியபோது, பூஜை அலமாரியில் மஞ்சள் நூல்கண்டு அகப்பட்டது. ஒவ்வொரு கொத்தின் காம்பிலும் ஒரு முடிச்சுப் போட்டேன். மறுநாள் அத்தை பறிக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"என்ன மாப்பிள்ளை, காப்புக் கட்டிட்டீங்களா?"

ஊரில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டக்கூடாது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கொத்துகளைத் தொடவே இல்லை. மஞ்சள் நூல் இல்லாத கொத்து எதையும் விட்டுவைக்கவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக் கொடி அத்தையின் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்மணி தனியாக இருக்கிறார். அவருடைய தபால் பெட்டிக் கம்பத்தில் ஒரு கொடி ஏறி, கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து, பளபளவென்று ஊதாக் காய்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விதை உறையில் அதன் பெயர் ரூபி மூன். அது அவரையேதான். அச்சு அசல் அவரை. ஆனால் அமெரிக்கர்களுக்கு அது பூக்கொடி. வர்ஜீனியாவில் மான்டிசெல்லோவில், தாமஸ் ஜெஃபர்சன் தோட்டத்துப் பந்தலில் ஏறி நிற்பதும் இதுதான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இது என்ன கொடி என்று கேட்டுக் கேட்டு, இப்போது விதையை அங்கேயே விற்கிறார்கள். ஜெஃபர்சனுக்கு விதை கொடுத்த ஃபிலடெல்ஃபியா வியாபாரி பெர்னார்ட் மக்மேஹன் 1804இலேயே இதை ஊதாவிலும் வெள்ளையிலும் விற்றிருக்கிறார். அதாவது அமெரிக்காவில் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அவரை காய்க்கிறது. பார்த்துப் பார்த்து ரசித்திருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அடுப்பில் ஏற்றத்தான் இல்லை.

அத்தைக்கு இது தாங்கவில்லை. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தபால் பெட்டிக்கு முன்னால் நின்று, காயை விரலால் அழுத்திப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "நாளைக்கு நார் ஏறிடும்" என்று எங்களிடம் வந்து செய்தி சொல்வார். ஒருநாள் அந்தப் பெண்மணியே வெளியே வந்தார். சைகையும் என் மொழிபெயர்ப்புமாகப் பேச்சு நடந்தது. இதைச் சாப்பிடலாம் என்று அத்தை வாயில் கையை வைத்துக் காட்டினார். அவர் பதறிப்போய், விஷம், விஷம் என்று உறையின் பின்பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

உறை பொய் சொல்லவில்லை. முற்றிய அவரை விதையில் சயனைடு கிளப்பக்கூடிய பொருள் உண்டு. காய்ந்த விதையை ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். நம் வீடுகளில் மொச்சையை ராத்திரியே ஊறப்போட்டு, தோலைப் பிதுக்கி எடுத்து, வேகவைத்த முதல் தண்ணீரை வடிக்கிற பழக்கத்தில் ரசாயனம் நிறைய இருக்கிறது, பெயர்தான் இல்லை. இதை நான் அத்தைக்கு விளக்கியபோது அவர் முகம் மாறியது.

"அப்போ பொங்கலுக்குப் பொங்கல் நான் உங்களுக்கு வெச்ச மொச்சைக் குழம்பு?"

அதில் விஷம் இருக்க வாய்ப்பே இல்லை, நீங்கள் தண்ணீரை வடித்துவிடுவீர்கள் என்றேன். ரொம்பவும் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்தப் பெண்மணியின் ஊதாக் கொடியால் எனக்கு வேறு கவலை. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் என்றாலும், தேனீக்கள் இங்கும் அங்கும் போய் வந்து கொஞ்சம் கலந்துவிடத்தான் செய்யும். எங்கள் ஊர்ப் பச்சை அவரையும் அவர் வீட்டு ரூபி மூனும் எங்களைக் கேட்காமலே சம்பந்தி ஆகிவிடும் அபாயம் இருந்தது. அடுத்த வருடம் ஒரு நாற்றின் தண்டு லேசாக ஊதாவாக எழுந்தபோது வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை. காய் நன்றாக வந்தது. அதையும் சமைத்தோம்.

டெக்சாஸ்காரர்களிடம் மட்டும் இந்தக் கஷ்டத்தையெல்லாம் சொல்லக்கூடாது. டல்லாஸில் இருக்கும் நண்பர் நவம்பர் கடைசியிலும் அவரைக்காய்ப் படம் அனுப்புவார், கூடைக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து. அவர்களுக்கு உறைபனி தாமதம், நெற்று கொடியிலேயே கலகலவென்று காய்ந்துவிடும். எங்கள் ஆறுதல் ஒன்றுதான். முடக்கத்தான் கொடி டெக்சாஸில் தீய களைப் பட்டியலில் இருக்கிறது. முழங்கால் வலிக்கு முடக்கத்தான் தோசை சுடுகிறவர்கள் அங்கே அரசாங்கம் பகையாக அறிவித்த கொடிக்கு மாவு கரைக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதிக்காரர்கள் வேறு ரகம். ஃப்ரீமான்ட்டில் உறைபனி அபூர்வம், ஆனால் கோடையே குளிர்ந்துதான் இருக்கும். கொடி சாகவும் செய்யாது, உற்சாகமாகவும் இருக்காது. அவர்கள் அனுப்பும் செய்தியும் அப்படித்தான் இருக்கும்.

இந்த மூன்று ஊர்களுக்கும் இடையில் தபால் உறைகளில் விதை போய் வந்துகொண்டிருந்த காலத்தில் 2020 ஜூலை வந்தது. யாரும் கேட்காத விதைப் பொட்டலங்கள், சீனத் தபால் முத்திரையோடு, நாடு முழுவதும் வீடுகளுக்கு வந்து விழுந்தன. வேளாண்மைத் துறை, நடாதீர்கள், எறியாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள் என்று அறிவித்தது. பிரித்துப் பார்த்ததில் கடுகு, புதினா, முட்டைக்கோஸ், மார்னிங் குளோரி என்று சாதுவான சமாச்சாரங்களே இருந்தன. இணையக் கடைகளில் போலி விற்பனைக் கணக்குக் காட்டச் செய்த தந்திரமாக இருக்கும் என்றார்கள். ஆனால் அந்த வாரம் பார்த்து டல்லாஸ் நண்பர் எனக்கு ஒரு சின்ன உறை அனுப்பினார், மேலே பெயர்கூட எழுதாமல். மனைவி அதை இடுக்கியால் எடுத்துக் கராஜில் வைத்தாள். அது பாகல் என்று தெரிவதற்குள் தொலைபேசியில் நட்பே கொஞ்சம் நலிந்துவிட்டது.

ஊரிலிருந்தே விதை கொண்டுவரலாமே என்று அத்தை ஒவ்வொரு வருடமும் கேட்பார். தாவர நலச் சான்றிதழ் வேண்டும், சொல்லாமல் கொண்டுவந்தால் அபராதம், சான்றிதழ் இல்லாமல் சொன்னால் விதை குப்பைக்குப் போகும் என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். ஒருமுறை பேச்சுவாக்கில் ஜெஃபர்சன் கதையையும் சொல்லிவைத்தேன். 1787இல் அவர் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதிக்குப் போனபோது, அங்கிருந்து நெல்லை வெளியே கொண்டுபோனால் மரண தண்டனை. மனிதர் கோட்டுப் பைகளில் நிரப்பிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட்டார். பிறகு ஜனாதிபதியாகவும் ஆனார். அத்தை இதை ஆழ்ந்து கேட்டுக்கொண்டது எனக்கு அப்போதே உறுத்தியது.

அக்டோபரில் எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்துக்குப் பதில் மவுன்ட் ஹாலி வானிலை அலுவலகம்தான். அவர்கள் உறைபனி எச்சரிக்கை விட்டால் அன்று அலுவலகக் கூட்டங்களில் என் கேமரா அணைந்திருக்கும். முதல் வேலை, மஞ்சள் நூல் கட்டிய கொத்துகளைப் பார்ப்பது. காய்ந்து பழுப்பானவை நேரே உள்ளே வந்துவிடும். மஞ்சளாகத் திரும்பி, உள்ளே விதை புடைத்தவற்றைக் கொடியோடு அறுத்துக் கராஜில் தலைகீழாகத் தொங்கவிட்டால், தண்டில் மிச்சமிருக்கும் சத்தை இழுத்துக்கொண்டு முற்றிவிடும். தட்டையாகப் பச்சையாக இருப்பவை விதைக்கு உதவாது. அவற்றுக்கு இனிக் காப்பு கிடையாது. அன்று இரவு எங்கள் வீட்டில் அவரைக்காய்ப் பொரியல், கூட்டு, சாம்பார், மிச்சத்துக்கு உப்புப் போட்டு வற்றல்.

இன்னும் ஒரு வாரம் கொடியில் நின்றால் நெற்றாகிவிடும் என்ற நிலையில் இருப்பவற்றைப் போர்த்திக் காப்பாற்றலாம். போர்வை போதாமல் நான் என் வேட்டிகளை எடுத்துப் பந்தல் முழுவதும் போர்த்தி, நுனிகளில் துணிக் கிளிப் மாட்டினேன். எட்டு முழம் வேட்டி, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டு, நிலா வெளிச்சத்தில். ஹாலோவீனுக்குச் சில நாள்தான் இருந்தது. மறுநாள் தெருப் பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிமையாக, இவ்வளவு பயங்கரமாக ஒரு பேயை இதற்கு முன் பார்த்ததில்லை என்று ஒருவர் நின்று பாராட்டிவிட்டுப் போனார். சரிகைக் கரையை அவர் இரத்தக் கறை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

உரித்த விதையை உலர்த்துவதில் எல்லோருக்கும் ஓர் அவசரம் வரும், அடுப்புப் பெட்டியில் ஒரு நிமிடம் வைத்தால் என்ன என்று. விதைக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஆகாது. இங்கே அடுப்புப் பெட்டியின் ஆகக் குறைந்த சூடே 170. அது உலர்த்தல் அல்ல, வறுவல். நிழலில், தட்டில் ஒற்றையாகப் பரப்பி, மின்விசிறிக்கு எதிரே விட்டால் போதும். காய்ந்ததா என்று பார்க்க நகத்தால் கீறக்கூடாது, சுத்தியலால் அடிக்க வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது, கண்ணாடி மாதிரி தெறித்தால் சரி. இந்தச் சோதனையில் தேறிய விதை எப்போதும் செத்துப்போன விதை என்பது மட்டுமே இதிலுள்ள குறை.

சேமிப்புக்கு ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி சுலபமான கணக்கு ஒன்று சொல்லியிருக்கிறார். ஃபாரன்ஹீட்டில் சூட்டையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் நூறுக்குள் இருக்க வேண்டும். எங்கள் அடித்தளத்தில் கோடையில் எழுபதும் எழுபதும். விதைக்கு முன்னால் மனிதர்களே அங்கே பூசணம் பூக்கிறோம். ஆகவே காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, மூடி இறுகும் பாட்டிலில் விதையோடு போட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். நார்வேயில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் மலையைக் குடைந்து, 2008இல் திறந்த உலக விதைப் பெட்டகத்தின் குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். எங்கள் கராஜ் ஃப்ரீசரும் அதே மைனஸ் 18தான். அங்கே விதைகளோடு துருவிய தேங்காயும் முருங்கைக்காயும் பாதி பாக்கெட் பரோட்டாவும் இருக்காது, அவ்வளவே. ஃப்ரீசரில் இன்னொரு லாபம், காயிலேயே முட்டையிட்டு விதையோடு கூடவே வீட்டுக்குள் வந்துவிடும் பயறு வண்டும் அதில் செத்துப்போகும்.

அத்தைக்கு ஃப்ரீசரில் நம்பிக்கையில்லை. விதைக்குச் சாம்பல் பூச வேண்டும் என்பது அவர் கட்சி. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், வண்டையும் அண்டவிடாது. அதில் எனக்கும் மறுப்பில்லை, ஆனால் எரிவாயு அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஏப்ரலில் தயிர் டப்பாக்களில் நாற்றுப் போட எடுத்தபோது, மாத்திரைக் குப்பி ஒன்றில் அவர் தனியாக முடிந்துவைத்துப் போன விதைகள் கிடைத்தன. கறுப்பு விதை, விளிம்பில் வெள்ளைக் கோடு, மேலெல்லாம் பழனி விபூதி. கமகமவென்று மணந்தன. என் ஃப்ரீசர் விதைகளும் முளைத்தன, அவருடையவையும் முளைத்தன. எது முந்தியது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மஞ்சள் நூல் ஏற்பாடு தொடங்கிச் சில வருடங்களில் எங்கள் கொடி ஆகஸ்ட் கடைசியிலேயே பூக்கத் தொடங்கியது. போன முறை அத்தை கிளம்புவதற்கு முன் அவரைக்காய் தின்று எல்லோரும் அலுத்துப்போகும் அளவுக்குக் காய்த்தது. அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்து, இந்த விதை இப்போது ஆவணியிலேயே பூக்கிறது, ஒட்டன்சத்திரத்தில்கூட இப்படி ஒன்று இருக்காது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ஆவணியில எங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை அவரை? ஆவணி பூரா கல்யாணம், காதுகுத்து. வீட்ல யாரு இருக்கா பறிக்க? தையில காய்க்கிறதுதான் அவரை."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா அந்தத் தபால் பெட்டி அம்மா வீட்டு ஊதாக் கொடியில ஒரு நாலு விதை கிடைக்குமான்னு கேளுங்களேன். வாசல் கேட்ல ஏத்திவிட்டா பூ பார்க்க அழகா இருக்கும்."

"சமைக்கிறதுக்கா அத்தை?"

"அதைப் போய் யாராச்சும் சமைப்பாங்களா? விஷம்னு அந்தம்மாவே சொல்லிச்சே."

இந்தியாவுக்குள் விதை கொண்டுபோவதற்கும் சட்டம் இருக்கிறது, 2003ஆம் வருடத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, அனுமதியும் சான்றிதழும் வேண்டும் என்றேன். அவர் என் கோட்டு மாட்டியிருந்த ஆணியை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "சரி, முறைப்படியே வாங்கி அனுப்புங்க. அவசரமில்லை, ஆடிப் பட்டத்துக்குள்ள வந்தாப் போதும்."